விளிம்பில் ஒரு கீறல்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளிலிருந்து
ஏற்காடு ஸ்டேஷனுக்குத் துப்பாக்கிகள் வரத் தொடங்கும்.
லைசென்ஸ் புத்தகம், ஒரு ஜெராக்ஸ்,
சில சமயம் மிளகுப் பொட்டலம்.
(நான் வாங்குவதில்லை. ரைட்டர் வாங்குவார்.)
பெரும்பாலும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல்,
எண்ணெய் கண்டு வருஷக்கணக்கானவை.

பெர்னதெத் கொண்டுவந்தது வேறு.
நாகலூர் தாண்டி அவருடைய தோட்டம்.
ஜீப்பின் பின்சீட்டில் கம்பளி சுற்றி
காய்ச்சல்காரரைப் போலப் படுக்கவைத்திருந்தார்.

மவுசர் வகை. போல்ட்டைத் தூக்கி இழுத்தேன்.
சேம்பர் காலி. சுண்டுவிரலை விட்டும் பார்த்தேன்.
கண்ணை நம்பாதே, விரலை நம்பு:
சேலம் ஆயுதப்படையில் என் மண்டையில் ஏறிய ஒரே பாடம்.

போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாய் ஓர் எஃகுப் பட்டை,
அதன் நுனியில் நகம்.
வேறு பல துப்பாக்கிகளில் நகத்துக்குக் கடைசியில்தான் வேலை.
போல்ட், தோட்டாவின் முதுகில் கைவைத்துத் தள்ளும்.
அது தன்பாட்டில் ஓடி
அறைக்குள் போய் அடங்கிய பிறகே பிடி.
பாதியில் கை பின்வாங்கினால் தோட்டா நடுவழியில் நிற்கும்.
பதறிப்போய் இன்னொரு தரம் தள்ளினால்
கொண்டை ஊசி வளைவில் நின்றுபோன லாரிக்குப் பின்னால்
மூக்கை நுழைத்த பஸ் மாதிரி
இரண்டும் நகராது.

இது அப்படியில்லை.
மேகசினை விட்டு எழும்பும்போதே
தோட்டாவின் விளிம்பு கீழிருந்து வழுக்கி
நகத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
அங்கிருந்து பிடி தளராது.
தலைகீழாய்ப் பிடித்தாலும் சரி,
சரிவில் படுத்துக்கொண்டு தள்ளினாலும் சரி,
போ என்றால் போகும், வா என்றால் வரும்.
வெடித்திருந்தால் வெற்றுக்கூடு, வெடிக்காவிட்டால் முழுசு.
நகத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.
ஆனால் கீழிருந்துதான் வரவேண்டும்.
நேரே அறைக்குள் ஒன்றைப் போட்டுவிட்டுப்
போல்ட்டை அறைந்தால் முரண்டுபிடிக்கும்.
நுனி உடைந்து நான் பார்த்திருக்கிறேன்.

"தோட்டா?"
"அஞ்சு."
மேஜையில் உருட்டினேன்.
நான்கு, மங்கிய பித்தளை.
ஐந்தாவதன் விளிம்பில் நெல் உமி அகலத்துக்கு
புதுசாய் ஒரு மினுக்கம்.

"இது உள்ளே போய் வந்திருக்கு."
"உள்ளே போகலை சார். பாதி."

பூ மழை பெய்து ஒன்பதாம் நாள்.
தோட்டம் முழுக்க வெள்ளை, மூச்சுமுட்டும் வாசனை.
இரவு இரண்டு மணி. நாய் குரைக்கவில்லை,
அதனால்தான் எழுந்தாராம்.
டார்ச் அடித்தால் காட்டெருமை.
செடிகளை மிதித்துக்கொண்டு,
கொம்பில் அறுந்த மிளகுக்கொடியோடு.
"வானத்தைப் பார்த்துச் சுடத்தான் நெனச்சேன்.
மலைக்கே கேக்கட்டும்னு."
டார்ச்சைச் சுவரில் வைத்து
போல்ட்டைப் பாதி தள்ளியிருக்கிறார்.
அது திரும்பியது.
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை,
வாயோரம் ஒட்டிய காபிப்பூ.
"அப்புறம் இழுத்துட்டேன். ஏன்னு கேக்காதீங்க."

நான் அதைக் கேட்கவில்லை.
"தோட்டா எங்கே கெடச்சது?"
"விடிஞ்சதும் வேலி வரைக்கும் தேடினேன்.
கணக்குக்கு அஞ்சு வேணுமே.
கடைசியில நான் நின்ன இடத்துலயே, செருப்படியில."

போல்ட்டின் இடப்பக்கம் ஒரு சின்னத் தகடு உண்டு.
நகம் கூட்டி வந்ததை அதுதான் வெளியே தட்டிவிடும்.
அதற்கென்று ஸ்பிரிங் பலம் கிடையாது,
கையின் வேகம்தான் அதன் வேகம்.
வெடுக்கென்று இழுத்தால் எட்டடி பறக்கும்.
காலடியில் விழுந்ததென்றால்
மெதுவாக இழுத்திருக்கிறார்.
இருட்டில், அவ்வளவு பெரிய மிருகம் பார்த்துக்கொண்டிருக்க,
அவ்வளவு மெதுவாக.

ரிஜிஸ்டரில் பாதிக்கு என்று கட்டம் இல்லை.
தோட்டா ஐந்து, சரிபார்க்கப்பட்டது.
இருசப்பன், ஏட்டு.
ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
எத்தனை செடி போச்சு என்றேன்.

பதினாலு என்றார்.
அதில் மூன்று பிழைக்குமாம்.